இறந்தவர் பெயர்

ஜூலை 7, திங்கள்

இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அலுவலக வரவேற்பு மேசைக்கு அடியில் இந்த டைரி கிடந்தது. புது வருடத்துக்கு அச்சடித்ததில் மிஞ்சியதாம். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவே எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ஜனவரி முதல் ஜூன் வரை வெறும் தாள். பாதி வருடத்தை வீணாக்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

எழுதி வைக்கும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் டைரி எழுதியவர்களும் இல்லை, கல்லூரிக்குப் போனவர்களும் இல்லை. விடுதி அறையில் மற்ற இருவரும் இரவு வேலைக்குப் போகிறவர்கள். நான் வரும்போது அவர்கள் கிளம்பிவிடுவார்கள். சில வாரம் வெள்ளி மாலை பேசினால் அடுத்து திங்கள் காலைதான் என் குரலை நானே கேட்கிறேன். அதனால்தான் இது.

முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். இசக்கியம்மாள், பாவூர்சத்திரம் என்று எழுதினேன். இப்போது இருப்பது கோயம்புத்தூரில். அதற்கு அவர்கள் இடம் விடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று அம்மா போனில் கேட்டாள். பீடி சுற்றிக்கொண்டேதான் கேட்டாள். கத்தரிக்கோல் பீடி இலையை நறுக்கும் சத்தம் கேட்டது.

மற்றவர்கள் இணையப் பக்கங்களைக் கட்டுகிறார்கள், அவை எங்கே உடைகின்றன என்று நான் பார்க்கிறேன் என்றேன். முன்பு ஒவ்வொரு பொத்தானையும் ஆள் உட்கார்ந்து அழுத்திப் பார்க்க வேண்டும். இப்போது எதை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன வர வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறோம். கருப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டி என்டர் போட்டால் போதும். பிரவுசர் தானே திறந்து, தானே பெயரை எழுதி, தானே தேதியைத் தேர்ந்து, தானே பொத்தானை அழுத்தும். சரியாக வந்தால் பச்சை டிக் விழும். தவறினால் சிவப்பு. வேகத்துக்காக அந்த பிரவுசரைக் கண்ணுக்குத் தெரியாமல்தான் ஓட்டுவோம். அதற்கு ஹெட்லெஸ் என்று பெயர். பக்கத்து இருக்கை ஜோயல் அதை "முண்டமா ஓட்டுறது" என்பான்.

"ஆளு இல்லாம அதுவாவா எழுதுது? பேயி மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன். சந்தையிலிருந்து இன்னும் வரவில்லை என்றாள். பின்னால் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா செய்தி பார்க்க மாட்டாள்.

ஜூலை 10, வியாழன்

புது வேலை வந்திருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்தும் எரிவாயு தகன மேடைக்கு, நேரம் பதிவு செய்யும் இணையதளம். இப்போது எல்லாம் போனில்தான் நடக்கிறது. ஒரே நேரத்துக்கு இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. துக்கத்தோடு வந்தவர்கள் வாசலில் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தை இருவருக்குக் கொடுக்காமல் தளம் தடுக்கிறதா என்று சோதிப்பதுதான் முக்கியம். மற்றவர்கள் முகம் சுளித்ததால் எங்கள் குழுத் தலைவி பிரபாவதி அக்கா என்னிடம் கொடுத்தார். நான் மறுத்துப் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

படிவத்தில் முதல் கட்டம், இறந்தவர் பெயர். பழைய வழக்கப்படி ஜோயல் அதில் 'அஅஅ' என்று அடித்தான். தளம் ஏற்கவில்லை. விளையாட்டுக்குப் பதிவு செய்கிறவர்களைத் தடுக்க எண்களையும் ஒரே எழுத்தைத் திரும்ப அடிப்பதையும் மறுக்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஆள் பெயர் போலத்தான் இருக்க வேண்டும். ஜோயல் சிரித்துக்கொண்டே எங்கள் மேலாளரின் பெயரை அடித்தான். பிரபாவதி அக்கா குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை. இன்று உயர்த்தினார்.

"அழி அத. வெளையாட்டுக்குக்கூட உசுரோட இருக்கறவங்க பேர அங்க போடக் கூடாது."

சரி, யாராவது இறந்து போன ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றான் ஜோயல். எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகு நானே எழுதி முடித்தேன். வேறு யாருடைய பெயரையும் போடவில்லை, என்னுடையதைத்தான் போட்டேன். வயது இருபத்திரண்டு. பதிவு செய்பவர், தந்தை. தொலைபேசி எண்ணும் நிஜமானதாக இருந்தால்தான் ஏற்கிறது. அப்பாவின் எண்ணைப் போட்டேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். அம்மாவை ஒரே பொத்தானில் கூப்பிட்டுவிடுவேன், அதனால் அவள் எண் மனதில் நிற்கவில்லை. அப்பாவின் எண்ணை ஒவ்வொரு முறையும் முழுதாக அடிப்பேன். பிறகு அழித்துவிடுவேன்.

நேரம் உறுதியானதும் தளம் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பும், ஆனால் இப்போதைக்கு அது யாருக்கும் போகாது. சோதனைத் தளத்தில் எஸ்.எம்.எஸ் எல்லாம் ஒரு கோப்பில் விழும்படி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் கொடி பிடிக்கச் சண்டை.

அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்களாம். அம்மா அதை மெதுவாகச் சொன்னாள். நான் நல்லது என்றேன். அவன் நல்லவன்தான். அப்பா தன் தங்கைக்குத் தாம்பூலம் மாற்றி வாக்குக் கொடுத்த அதே வாரம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. நான் மாட்டேன் என்று சொன்னது ஒரே ஒரு முறை. அதற்கு முன் அப்பாவிடம் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நான் பஸ் ஏறிய அன்று அவர் விடியும் முன்பே சந்தைக்குக் கிளம்பிவிட்டார். அது கார்த்திகை மாதம். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பொங்கலுக்குப் போனபோது சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

காலையில் சிவப்பு. பொத்தான் திரையில் வருவதற்குள் அழுத்தப் பார்த்துத் தோற்றது. கண்ணால் பார்க்கிற மனிதர் காத்திருப்பார். இதற்குக் காத்திரு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். பச்சையானது.

ஜூலை 21, திங்கள்

தளம் தயார், ஆனால் ஆடி முடிந்து ஆவணியில்தான் திறக்க வேண்டும் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "சுடுகாட்டுக்கு நல்ல நாளா?" என்று ஜோயல் கேட்டான். மேலாளர்கூடச் சிரித்துவிட்டார்.

தினமும் காலை அலுவலகத்துக்கு வந்ததும் சோதனையை ஓட்டுவது என் வேலை. ஒரு கணக்கில் பார்த்தால் தினமும் காலையில் நான் இறக்கிறேன். அப்பா எனக்கு மறுநாள் பத்தரை மணிக்கு இடம் பதிவு செய்கிறார். அடுத்த சோதனையில் வேறொருவர் அதே பத்தரையைக் கேட்பார், தளம் மறுக்கும், டிக் விழும். என் இடம் பத்திரமாக இருக்கிறது. என் பெயரை யாரும் கவனிக்கவில்லை. பச்சையாக வந்தால் யாரும் உள்ளே படிப்பதில்லை.

சில நாள் அந்த எஸ்.எம்.எஸ் கோப்பைத் திறந்து பார்ப்பேன். ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. எல்லாம் அப்பாவுக்கு நான் அனுப்பியவை.

ஜூலை 23, புதன்

அக்காவுடன் தகன மேடைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் பெயர் ஆறுச்சாமி. ஐம்பது வயது இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போதைக்கு நோட்டில் எழுதித்தான் நேரம் கொடுக்கிறார். தளத்தைக் காட்டினோம். பதிவு செய்ததை ரத்து செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். அந்தப் பக்கம் இன்னும் கட்டி முடியவில்லை என்றேன்.

"அவசரமில்லீங்க அம்மணி. நான் இத்தன வருசத்துல ஒருத்தருங்கூட ரத்து பண்ணிப் பாக்கல" என்றார்.

விடுதிக்கு வந்து குளித்தேன்.

ஜூலை 28, திங்கள்

நாள் முழுதும் மழை. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். செய்தி உண்மையிலேயே போய்ச் சேருகிறதா என்று அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க விரும்புகிறார்கள். மாலையில் அக்கா குழுவுக்கு எழுதியிருந்தார்: "எஸ்.எம்.எஸ் இனி நிஜமாப் போகும். பாத்துக்கோங்க." எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் வழக்கம்போல் ஓட்டினேன். எல்லாம் பச்சை. மதியம் எலுமிச்சைச் சாதம்.

மாலை அம்மாவிடம் பேசினேன். அப்பா லோடு இறக்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியிருக்கிறாராம். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். லாரியோடு வெளியூர் போய் நான் பார்த்ததில்லை. முகமே சரியில்லை, சாப்பிடாமல் போய்விட்டார் என்றாள். பிறகு, "ஒன்னப் பாக்கத்தான் வாராவளோ என்னமோ" என்றாள்.

வரமாட்டார் என்றேன். இருந்தாலும் அறையைப் பெருக்கினேன். நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தேன். விடுதியில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நாற்காலி போடுவார்களா என்று வார்டனிடம் கேட்டு வைத்தேன்.

ஜூலை 30, புதன்

காலையில் அக்காவுக்குப் போன் வந்தபோது நான் நீலச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தேன். ஆறுச்சாமி பேசினார். தெற்கத்தி ஆள் ஒருவர் விடியும் முன்பே வந்து கேட்டைத் தட்டினாராம். கையில் போன், போனில் இறந்தவர் பெயரும் மேடையின் முகவரியும் போட்டு, இன்று பத்தரைக்கு நேரம் உறுதி என்று செய்தி. தன் நோட்டில் அப்படிப் பெயர் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் போகாமல் உட்கார்ந்திருக்கிறாராம். என்ன பெயர் என்று அக்கா கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

போனை வைத்துவிட்டு என் இருக்கைக்கு வந்தார். இன்றைய சோதனையை இன்னும் ஓட்டவில்லை, என் திரையில் நேற்று ஓட்டிய கருப்பு ஜன்னல் திறந்துதான் இருந்தது. பச்சை டிக்குகளை மேலே தள்ளித் தள்ளி, யாரும் படிக்காத வரிகளுக்குப் போனார். படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்திரி. வண்டில ஏறு" என்றார்.

அந்தக் குழுச் செய்தியை நான் படித்தேன். படித்துத்தான் கட்டைவிரல் போட்டேன். எப்படி எனக்குத் தோன்றாமல் போனது என்று வழி முழுக்க யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.

கேட்டில் ஆறுச்சாமி நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெயரைக் கேட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

"காலைல இருந்து வந்த வண்டி அத்தனையும் நிறுத்திப் போட்டு, கண்ணாடிப் பொட்டிக்குள்ள மொகத்தப் பாத்துட்டாருங்க. ஆரும் கோவிச்சுக்கல. அவரு பாத்த பார்வை அப்படி" என்றார்.

அப்பா புங்க மரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் இருந்தார். சந்தைக்குக் கட்டுகிற வேட்டி, தோளில் துண்டு, மடியில் ஒரு துணிப்பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். நான் அருகில் போனதும் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கால்களைப் பார்த்தார், அவை தரையில் பாவியிருக்கின்றனவா என்று. ஈரத்தில் என் செருப்புத் தடம் பதிந்திருந்தது. அதையும் பார்த்தார். அப்புறம்தான் முகத்துக்கு வந்தார்.

நான் அப்பா என்றேன்.

"பத்தரை ஆவட்டும்" என்றார்.

கார்த்திகைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். ஒரு வண்டி வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. ஆனால் அது உள்ளே போகும்வரை பையைப் பிடித்த கை இறுகியே இருந்தது. ஆறுச்சாமி தன் அறையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, பத்தரை தாண்டிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். அப்பா மூச்சை விட்டார். பிறகு பேசினார். என்னைப் பார்க்காமல், கேட்டைப் பார்த்துப் பேசினார்.

"கலியாணமாவாத பிள்ளைய நம்ம பக்கம் எரிக்க மாட்டாவ. மண்ணுலதான் வைப்பாவ. எரிச்சிராதீய, நான் ஊருக்குக் கொண்டு போயிருதேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"ஒரு போன் போட்டிருக்கலாம்லாப்பா."

"போட்டு, நீ எடுக்கலன்னா?"

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு ராத்திரியாவது அவள் தூங்கட்டும் என்று நினைத்தாராம்.

என் வேலையைப் பற்றி அம்மாவிடம் சொன்னதுபோல் அவரிடமும் சொன்னேன். ஆள் இல்லாமல் பிரவுசர் எழுதுவதை, கட்டளையை, பச்சை டிக்கை. குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒம் பேர நீயேவா போட்ட?"

"ஆமாப்பா."

"சரி. எம் நம்பர எதுக்குப் போட்ட?"

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான் என்றேன். இந்த டைரியில் எழுதியபோது அது ஒரு காரணம் போல இருந்தது. அவரிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

தீட்டோடு எங்கும் வர மாட்டேன் என்றார். அங்கிருந்த குழாயில் ஆறுச்சாமி வாளியைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா தலையில் ஊற்றிக்கொண்டு வாளியை என் பக்கம் நகர்த்தினார். நானும் அப்படியே உடுப்போடு ஊற்றிக்கொண்டேன். கேட்டருகே நின்றிருந்த அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தன் துப்பட்டாவைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார்.

"நான்தான் நிஜத்துக்கு மாத்தி விட்டேன். அத நானே சொல்லிக்கறேன் ஆபீஸ்ல. நீ அப்பாவோட போ" என்றார்.

ஜூலை 31, வியாழன்

மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். அக்காவும் நானும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம். எஸ்.எம்.எஸ் மறுபடியும் கோப்புக்கு மாறிவிட்டது. படிவத்திலிருந்து என் பெயரை எடுத்தேன். ஜோயல் அவன் ஊர்ப் பக்கத்து ஆறுகளின் பெயர்களைச் சொன்னான். அவையும் பெண் பெயர் போல ஒலிப்பதால் தளம் ஏற்றுக்கொண்டது. அவன் வேடிக்கை செய்யவில்லை. ரத்து செய்யும் பக்கத்துக்கு இன்று சோதனை எழுதத் தொடங்கினேன். மூன்று முறை சிவப்பு.

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

குளித்த பிறகு அப்பா மாற்றுத் துண்டை எடுக்கப் பையைத் திறந்தார். துண்டோடு சேர்ந்து ஒரு சேலை வெளியே சரிந்தது. புதுச் சேலை. மடிப்புக் கலையாமல், கடையின் தாள் ஒட்டியபடி. மாம்பழ மஞ்சள், அடர் பச்சைக் கரை. பஸ் ஏறும் முன் திருநெல்வேலியில் வாங்கியிருக்கிறார். எனக்குப் போர்த்துவதற்கு.

நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, அவசரமாக உள்ளே திணித்தார். பிறகு பையோடு ஆறுச்சாமியிடம் நீட்டி, யாருமில்லாமல் வருகிறவர்களுக்குப் போர்த்துங்கள் என்றார். ஆறுச்சாமி கை நீட்டவில்லை. போர்த்த ஆளில்லாதவர்களுக்கு அறக்கட்டளையே துணி கொடுக்கிறது, உயிரோடு நிற்கிற பிள்ளைக்கு வாங்கியதைத் தன் கையால் இன்னொருவர் மேல் போட முடியாது என்றார்.

ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அப்பா இட்லி கேட்டார், மறுபடியும் கேட்டார். அம்மாவுக்கு முட்டி வலி என்றார். அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நானும் வந்தால் நன்றாக இருக்கும் என்பதை, யாரோ சொன்னதுபோல் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு நாளில் அவர் பேசியது முன்பு ஒரு வருடத்தில் பேசுவதைவிட அதிகம். ஆனால் என் கண் பையின் மேலேயே இருந்தது. படிப்புக்கு, விடுதிக்கு, பஸ்ஸுக்கு என்று அவரிடம் நான் நிறையக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடைக்குள் போய், எனக்கு எது நன்றாயிருக்கும் என்று நின்று யோசித்து அவராக வாங்கியது இது ஒன்றுதான். இல்லாவிட்டால் இறந்த பிள்ளைக்கு எதற்கு இத்தனை நல்ல நிறம்?

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் கீழே நின்றேன். கோடித் துணியை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது, போகும் வழியில் தாமிரபரணியில் விட்டுவிடுகிறேன் என்றார். நடத்துநர் விசில் ஊதி, பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியபோதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"ஆத்துல விடாதீயப்பா. அந்தச் சேலைய எனக்குத் தாங்க."